குரு சாகாத நாடகம்

அதிவீரன் நாடகத்தின் மூன்றாம் கட்டத்தில் குரு சாக வேண்டும். அவர் செத்தால்தான் நாடகம் நகரும். இது எங்கள் றப்பர்த் தோட்டத்துக் கீழ்க்கணக்கு லயத்தில், வரிசையாகக் கட்டின ஒற்றை அறைக் காம்பராக்களில், பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஞானவர்மர் என்கிற அந்தக் கிழவர் கோரசேன ராசாவின் அம்பு பட்டு விழுவார். சீடன் அதிவீரன் அந்தப் பிணத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணி வாளை எடுப்பான். அரண்மனைக்குப் போவான். ஊர் பசியில் கிடக்க, பூட்டிக் கிடக்கிற நெற்களஞ்சியத்தைத் திற என்று ராசாவின் முகத்துக்கு நேரே கேட்பான். அந்த இடத்தில் பெண்டுகள் குலவை போடுவார்கள். வருசா வருசம் மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்தில் இதுதான் நாடகம். வசனக் கொப்பி என் தகப்பன் காலத்திலிருந்து எங்கள் காம்பராவில்தான் இருக்கிறது. திரைக்குப் பின்னால் குந்திக்கொண்டு அடி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் குமாரவேல் என்ற என் பெயரை யாரும் சொல்வதில்லை. கொப்பி என்றால்தான் தெரியும்.

சாக வேண்டிய அந்தக் கிழவரைப் பிழைக்க வைத்தவன் நான்தான். எழுபத்திநாலாம் வருசம், அரை மூட்டை கோதுமை மாவுக்காக. தூ! எட்டு வருசமாகிறது, இன்னும் அந்த மாவின் புளித்த வாடை என் கையை விட்டுப் போகவில்லை.

குரு வேசம் பெரிய கங்காணி குடும்பத்துக்கு உரியது. அப்போது கட்டிக்கொண்டிருந்தவர் பழனியாண்டிக் கங்காணி. பெரிய கங்காணி என்ற உத்தியோகமே எப்போதோ ஒழிந்துபோய்விட்டது, ஆனால் அந்த மனுசனிடம் யாரும் அதைச் சொல்லத் துணியவில்லை. கறுப்புக் கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாகத்தான் காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்துக்கு வருவார். வாய் நிறைய வெற்றிலை. பேசும்போது எதிரில் நிற்கிறவன் சட்டையில் சிவப்புச் சிவப்பாகத் தெறிக்கும். துடைத்துக்கொண்டால் அது மரியாதைக் குறைவு. குரு வேசம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு கட்டம் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு மூன்றாம் கட்டத்தில் விழுந்தால் போதும். அப்புறம் மாலை போட்டு முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்துவிடலாம்.

அந்த வருசம் தோட்டத்தில் என்ன நிலைமை என்று சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்து இரண்டு வருசம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை மூன்றாகி, மூன்று இரண்டானது. அரிசி கண்ணில் படுவதேயில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று வாரத்துக்குக் கொஞ்சம் மாவு வரும். அதை அரிசிக் காம்பராவில் இறக்கி அளந்து கொடுக்க வேண்டும். காம்பராவின் சாவி கங்காணியின் இடுப்பில். ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால், "மாவு கொறச்சலா வந்திருக்கு, வர்ற வாரம் பாப்போம்" என்பார். ஆனால் வியாழக்கிழமை பின்னேரம் ஒரு வேன் மேட்டுரோட்டில் வந்து, மூட்டை ஏற்றிக்கொண்டு, கீழே பஜாரில் ஒரு பேக்கரிக்குப் போகும். தெஹியோவிட்டப் பக்கம் போகிற கடைசி பஸ்ஸுக்குச் சற்று முன்னால். எல்லாரும் பார்த்தோம். பார்த்துக்கொண்டே மரவள்ளிக் கிழங்கு பிடுங்கின இடத்தில் மிச்ச வேரைத் தோண்டிக்கொண்டிருந்தோம்.

அதிவீரன் வேசம் மூக்கையாவுக்கு. பால்வெட்டுக்காரன். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள், இங்கே பெண்ணெடுத்து எங்களிடம் வந்து ஆறேழு வருசம். ஒட்டின கன்னம், குச்சிக் கால், ஆனால் வாயைத் திறந்தால் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவன் மனைவி ஜெயம்மா எங்கள் லயத்துப் பெண். ஒரே பிள்ளை, இராஜகுமாரி, நாலு வயது. மாசி பிறந்தபோது அந்தப் பிள்ளைக்குக் காலும் முகமும் வீங்க ஆரம்பித்துவிட்டது. டிஸ்பென்சரி ஐயா பார்த்துவிட்டு, மருந்து ஒன்றும் வேண்டாம், சாப்பாடு கொடுங்கள் என்றார். அதைச் சொல்ல ஒரு படிப்பு!

தோட்டத்தை நடத்தப் புதுத் தொரை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கம்பஹாப் பக்கத்துச் சிங்கள ஆள், தமிழ் ஒரு சொல் வராது. நல்லவரா கெட்டவரா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கங்காணியைத் தாண்டி யாரும் பங்களாப் படி ஏறினதில்லை. ஏறினால் மறுநாள் வேலைக்குப் பேர் எழுதுகிற செக்ரோலில் பேர் இருக்காது. அவர் திருவிழாவுக்கு வருகிறார் என்று தெரிந்த அன்று மூக்கையா என்னிடம் ஓடிவந்தான்.

"கொப்பி, வேசம் கட்டுனவன் வாயில வர்றதுக்கு விசாரணை கெடையாதுல்ல?"

"கெடையாது. எங்கப்பன் காலத்துலயே இல்ல."

"அப்பச் சரி. களஞ்சியக் கட்டத்துல ராசாவப் பாத்துக் கேக்கறத இந்தத் தடவ தொரையப் பாத்துக் கேக்கறேன். நாலு வரி சிங்களத்துல எனக்குச் சொல்லிக் குடு. நீதான் பஜார்ல வளந்தவன், ஒனக்குத்தான் அது சுத்தமா வரும்."

சொல்லிக் கொடுத்தேன். ஆமாம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முதல் வரி: "மாத்தயா, அபே பிட்டி அபிட்ட லெபென்னே நே." ஐயா, எங்கள் மாவு எங்களுக்குக் கிடைப்பதில்லை. இரண்டாவது, வியாழக்கிழமை பின்னேரம் அது வேனில் பஜாருக்குப் போகிறது. மூன்றாவது, சாவி கங்காணியிடம் இருக்கிறது. நாலாவது, இன்றைக்கே அந்தக் காம்பராவைத் திறந்து பாருங்கள். அவ்வளவுதான். அவன் நாக்கில் அது ஏற ஒரு வாரம் பிடித்தது. பால் வெட்டும்போது மரத்துக்கு மரம் சொல்லிக்கொண்டு போவான். சிரட்டையில் பால் சொட்டும், இவன் வாயில் சிங்களம் சொட்டும். பார்க்கிறவர்கள் பசியில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள்.

திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கங்காணி நான் காவலிருக்கிற றப்பர் ஸ்டோருக்கு வந்தார். பட்டப்பகலில், குடையோடு. புகையறைக்குள் வந்து, காயப்போட்ட றப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, மூலையில் ஒரு துப்புத் துப்பினார்.

"கொப்பி, சாத்திரி என் சாதகத்தப் பாத்துட்டான்டா. பங்குனி முடியிறவரைக்கும் எனக்கு மாரக கண்டமாம். வெளையாட்டுக்குக்கூட சாகப்படாதாம்."

"அப்ப இந்த வருசம் வேற யாருக்காவது வேசத்தக் குடுத்துருங்க ஐயா."

"எங்கப்பன் கட்டுன வேசத்த எந்த நாயிக்குடா குடுக்கச் சொல்ற? தொரை வர்றாரு, நான் கீழ ஒக்காந்து வேடிக்க பாக்கவா? குருவப் பொழைக்க வையி. அவ்ளோதான். எழுத்துதானே, எழுதுனா எழுதுனதுதான்."

"குரு பொழைச்சா நாடகம் நிக்காதுங்களே ஐயா."

"நிக்க வையிடா. ஒனக்கு எதுக்குப் படிப்பு?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். "சீதாலட்சுமி பெத்துக் கெடக்கிறாளாமே. பாலு வத்திப் போச்சின்னு கேள்வி. அரை மூட்டை அனுப்பி வைக்கிறேன். யார்கிட்டயும் சொல்லாத."

என் மனைவி பெற்று இருபத்திரண்டாம் நாள். பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. லயத்தில் இருபது காம்பராவிலும் அப்படித்தான் முனகிக்கொண்டிருந்தன. அரை மூட்டை என் காம்பராவுக்கு மட்டும்தான் வந்தது. சீதாலட்சுமி மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சலித்தாள், வண்டு வண்டாக விழுந்தது, ஓரத்தில் கட்டி பிடித்துப் பச்சை பூத்திருந்தது. அந்தக் கட்டியையும் நசுக்கிப் போட்டு ரொட்டி சுட்டாள். ஏழு ரொட்டி தின்றேன். சீ, ருசியாக இருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்து குருவைப் பிழைக்க வைத்தேன். கோரசேனன் அம்பு விடுகிறான். குரு வலது கையைத் தூக்குகிறார். அம்பு பூவாகிக் கீழே விழுகிறது. இதுவரை எளிது. அதற்கப்புறம்தான் சிக்கல். குரு உயிரோடு இருந்தால் அதிவீரன் எதற்குச் சத்தியம் பண்ண வேண்டும்? எதற்கு வாளை எடுக்க வேண்டும்? அரண்மனைக்கு யார் போவது? மூத்தவர் இருக்கும்போது இளையவன் முந்திப் போகலாமா? ஆகவே குருதான் போகிறார். சீடன் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போகிறான். ராசா குருவைக் கண்டதும் சிம்மாசனத்திலிருந்து இறங்கிக் காலில் விழுகிறான். களஞ்சியத்தை அவனே திறந்துவிடுகிறான். நாடு சுபிட்சமாகிறது. அதிவீரனுக்கு வசனம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன்: 'அப்படியே ஆகட்டும் குருவே' என்று பதினொரு இடத்தில். நாலு மணி நேர நாடகத்தின் வீரன் வெற்றிலைத் தட்டு தூக்குகிறவன் ஆகிவிட்டான். அம்பு ஒன்று தவறினதற்கு இவ்வளவும்.

மூக்கையாவிடம் இதைக் காலையில் மலையில் வைத்துச் சொன்னேன். வெட்டுக் கத்தியை மரத்தில் குத்திவிட்டுத் திரும்பினான்.

"குரு சாகலேன்னா நான் எதுக்குடா வாளத் தூக்கணும்? அந்தாளு பொழைச்சிக் கெடந்தா நான் சாகற வரைக்கும் சீடன்தானே?"

"கங்காணி கண்டம்னு பயப்படறாரு, நான் என்ன செய்ய?"

"கங்காணிக்கு ஒரு கண்டம். எம் புள்ளைக்கு எத்தன கண்டம்டா? தெனம் ஒண்ணு. ஒன் கையில கொப்பி இருக்குன்னு யாரு வேணும்னாலும் வந்து மாத்திட்டுப் போவாங்களா? என்ன குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல" என்றேன். என் வாயில் அப்போதும் ரொட்டி வாடை இருந்திருக்கும். அவன் கத்தியை மரத்திலிருந்து பிடுங்கினான். பிறகு நான்தான் பல்லை இளித்துக்கொண்டு ஒரு வழி சொன்னேன்: கடைசியில் ராசா களஞ்சியத்தைத் திறந்தபின், மங்களம் பாடுவதற்கு முன்னால், சீடன் முன்னுக்கு வந்து நாலு வரி வாழ்த்துச் சொல்கிற மாதிரி எழுதித் தருகிறேன், அந்த இடத்தில் உன் நாலு வரியைச் சொல்லிவிடு.

"சத்தியமா எடம் குடுப்பியா?"

"மாரியம்மன் மேல சத்தியம்."

எழுதியும் வைத்தேன். அந்தமட்டில் நான் பொய் சொல்லவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தில் ஒருத்தர் சாகிற இடத்தில் சாவுமேளம் அடிப்பார்கள், நிஜச் சாவுக்கு அடிக்கிற அதே அடி. கோயில் முற்றத்தில் அந்த அடி விழுந்துவிட்டால் ஒரு உடம்பு கீழே விழுந்தே ஆக வேண்டும். விழுந்தவனுக்குச் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் அறுத்து எழுப்புவார்கள். அதுவரைக்கும் அவன் கண்ணைத் திறக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. யாரும் விழாவிட்டால் மேளத்தைக் கேட்ட லயத்துக்குள் அந்தச் சாவு தானே தேடிக்கொண்டு வரும். இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த வருசம் எங்கள் லயத்தில் வீங்கிப் படுத்திருந்த பிள்ளைகள் ஒன்பது. அங்கே யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை.

மேளக்காரர் காத்தமுத்துவிடம் நான் நாலு தடவை சொன்னேன். குரு இந்த வருசம் சாகவில்லை, மூன்றாம் கட்டத்தில் அந்த அடி வேண்டாம். "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டினார். நாற்பது வருசமாக அந்த இடத்தில் அந்த அடியை அடித்த கை அவருடையது.

இருட்டினபின் நடக்க வேண்டிய நாடகம் அந்த வருசம் பகல் இரண்டு மணிக்கு நடந்தது. பெற்றோல்மாக்ஸ் கொளுத்த மண்ணெண்ணெய் இல்லை. இராத்திரி வெளிச்சத்தில் மினுங்குகிற ராசா வேசத்தைப் பட்டவெயிலில் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கக் கூடாது. அரிதாரம் வியர்வையில் வழிந்து கழுத்தில் சேறாக நின்றது. சிகரெட் தாள் ஒட்டின கிரீடம் பல்லை இளித்தது. ராணி வேசம் கட்டினவனின் தாடி பவுடருக்கு மேலே முளைத்துக்கொண்டிருந்தது. எல்லார் முகத்திலும் ஈ. முன்வரிசையில் தொரை கழுத்தில் மாலையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் இருநூறு பேர் மண்ணில். ஜெயம்மா இராஜகுமாரியைத் துணியில் சுற்றி மடியில் போட்டிருந்தாள். பிள்ளையின் கால் மட்டும் வெளியில் தெரிந்தது, வழவழவென்று.

மூன்றாம் கட்டம் வந்தது. கோரசேனன் அம்பு விட்டான். கங்காணி வலது கையைத் தூக்கினார். அம்பு கீழே விழுந்தது. நான் திரைக்குப் பின்னாலிருந்து பூவைத் தூவக் கையை நீட்டினேன்.

டண்டணக்க, டண்டணக்க என்று சாவுமேளம் விழுந்தது.

காத்தமுத்து அடித்துக்கொண்டிருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஆட்ட, கண்டுகொண்டு நிறுத்தினார். முகம் செத்துவிட்டது. "கை கேக்கலப்பா, கை கேக்கல" என்று முனகினார். பெண்டுகள் பக்கத்திலிருந்து ஒரு கூப்பாடு: "விழுங்க! யாராச்சும் விழுங்க! ஐயோ, புள்ளைங்க இருக்குதுங்க!"

எல்லார் கண்ணும் கங்காணி மேல். குரு வேசம் அது, மேளம் அதற்குத்தான். அந்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா? இரண்டடி பின்னுக்குப் போனார். மூக்கையாவின் தோளைப் பிடித்து முன்னுக்குத் தள்ளி, பல்லிடுக்கில், "நீ விழுடா. குரு சொல்றேன், விழு" என்றார்.

மூக்கையா விழத் தேவையில்லை. விழுந்தால் அவன் நாலு வரி போய்விடும். சூடம் காட்டும் வரைக்கும் வாய் கட்டு. ஒரு வாரம் மரத்துக்கு மரம் சொல்லிப் படித்த நாலு வரி. அவன் தொரையைப் பார்த்தான். பிறகு ஜெயம்மா மடியைப் பார்த்தான். அந்த வழவழப்பான கால். வாளைக் கீழே போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். வீரன் என்று சொல்லத்தக்க காரியம் அந்த முற்றத்தில் நடந்தது அது ஒன்றுதான், அதுவும் அவனைப் பிணமாக்கிவிட்டது.

உடனே சூடம் காட்டியிருக்கலாம். தட்டு தயாராக இருந்தது. கங்காணி கையால் தடுத்துவிட்டு நேரே முன்னுக்கு வந்து, இனி யாரும் தன்னை அசைக்க முடியாது என்கிற தெம்பில், தொரையைப் பார்த்து வாழ்த்துப்பா பாட ஆரம்பித்தார். கிடக்கிறவனைத் தாண்டிப் போனபோது அவன் கையை மிதித்தார். வேண்டுமென்று இல்லை, பார்க்கவில்லை.

அப்போதுதான் ஜெயம்மா எழுந்தாள். பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு மேடையில் ஏறினாள். பெண்கள் அந்த மேடையில் ஏறினதேயில்லை. ஆனால் சாவுமேளம் அடித்தாகிவிட்டது, புருசன் கிடக்கிறான், பெண்டாட்டி ஒப்பாரி வைக்கிறாள். அதை யாரும் மறிக்க முடியாது. தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அவன் நெஞ்சருகில் உட்கார்ந்து பாடினாள்.

"பூட்டுன காம்பராவுல பூச்சி தின்னு கொழுக்குதய்யா
பெத்தபுள்ள வயித்துக்குள்ள பசி மேஞ்சி கெடக்குதய்யா
வியாழக்கெழம வேனு வந்து வெள்ளமாவு போகுதய்யா
வெள்ளக்காரன் போனபின்னும் சாவி மட்டும் போகலய்யா"

தொரை முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்தார். பாட்டு விளங்காவிட்டாலும் அழுகை விளங்குமே. என்ன பாடுகிறாள் என்று சிங்களத்தில் கேட்டார். கங்காணி குனிந்து கைகட்டிச் சொன்னார்: செத்த வீரனுக்காக அழுகிற கட்டம் இது, ஐயாவையும் தோட்டத்தையும் வாழ்த்திப் பாடுகிறாள்.

தொரைக்கு அது ஒட்டவில்லை. வாழ்த்துகிற முகமா அது? சுற்றிலும் பார்த்தார். திரைக்கு வெளியே கொப்பியும் கையுமாக நின்றுகொண்டிருந்த என்னை விரலால் கூப்பிட்டார். போனேன். என் கண்ணைப் பார்த்து, "எத்தத?" என்றார். கங்காணி சொன்னது உண்மையா என்று கேட்டார்.

நாலு வரி எனக்குத் தெரியும். அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான். கங்காணியின் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது, வெற்றிலைக் காவி படிந்த அந்த ஈரக் கை. கட்டிலுக்கடியில் இன்னும் முக்கால் பங்கு மாவு இருந்தது. மேடையில் கிடந்த மூக்கையா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சாவு லயத்துக்குப் போய்விடும். அவன் கண் மட்டும், சொல்லு, சொல்லு என்றது.

"எத்த, மாத்தயா" என்றேன். உண்மைதான் ஐயா.

எனக்குப் பின்னால் இருநூறு பேர். பாதிப் பேருக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்கிற அளவு சிங்களம் வரும். ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் மண்ணைப் பார்த்தார்கள். தொரை மெதுவாகத் தலையாட்டினார், பிறகு கைதட்டினார். எழுந்து வந்து தன் கழுத்து மாலையைக் கழற்றி, கிடந்தவனின் நெஞ்சில் போட்டார். நல்ல நடிப்பு என்றார். ஜெயம்மா பாடிக்கொண்டேயிருந்தாள். ஜீப் மேட்டில் ஏறி மறைந்தபின்தான் கங்காணி சூடத்தைக் கொளுத்தச் சொன்னார். மூக்கையா எழுந்து, மாலையை எடுத்து எலுமிச்சம்பழத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் சீதாலட்சுமி எனக்குத் தெரியாமல் நாலு ரொட்டி சுட்டு ஜெயம்மா காம்பராவுக்குக் கொண்டுபோனாள். முகத்தில் எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் எனக்கு நல்லது. ஜெயம்மா வாங்கிக்கொண்டாள். பிய்த்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிள்ளைக்கு ஊட்டினாளாம். பிள்ளை இரண்டு வாய் தின்றுவிட்டுக் கக்கிவிட்டதாம்.

பன்னிரண்டாம் நாள் இராஜகுமாரி செத்துப்போனாள். அவன் விழுந்தும் செத்துப்போனாள். காத்தமுத்து மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மூக்கையா அவரைப் பார்த்து, "வேணாம் மாமா. அதான் அன்னிக்கே அடிச்சிட்டீங்களே" என்றான். கிழவர் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதார். கங்காணியும் குடையோடு வந்திருந்தார். ஆண்டவன் சித்தம் என்றார். துப்புவதற்கு மட்டும் சற்றுத் தள்ளிப் போனார். அவ்வளவு மரியாதை தெரிந்தவர். பங்குனி முடிந்தது, கண்டம் கழிந்தது. இன்றைக்கும் இருக்கிறார். பொய்ப்பல் கட்டிக்கொண்டு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, வருசா வருசம் சாகாத குருவாக மேடையேறுகிறார். கொப்பியை யாரும் திருப்பி மாற்றச் சொல்லவில்லை. நானும் மாற்றவில்லை.

தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தப்படி, மூக்கையாவுக்கு மறு வருசம் கடுதாசி வந்தது. தெஹியோவிட்ட பஜாரில் அவிசாவளை பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஏன் போனேன் என்று தெரியாமலே போனேன். ஒரு தகரப்பெட்டி, ஒரு சாக்கு மூட்டை. ஜெயம்மா என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கையா மட்டும் கிட்ட வந்தான். ஒரு வருசமாக என்னோடு பேசாதவன்.

"கொப்பி, நீ சொல்லிக் குடுத்தது மறக்கல. கேளு." நிமிர்ந்து நின்றான், மேடையில் நிற்கிற மாதிரி. "மாத்தயா, அபே பிட்டி அபிட்ட லெபென்னே நே" என்று தொடங்கி, வேன், சாவி, காம்பரா என்று நாலு வரியையும் ஒரு இடத்திலும் தடுக்காமல் முழுக்குரலில் சொன்னான். பஜாரில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"எங்கயும் தப்பல்லியே?"

"இல்ல மூக்கையா."

"அப்பச் சரி" என்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ஜெயம்மா ஏறினாள்.

பஸ் படியில் நின்றுகொண்டிருந்த சிங்களக் கண்டக்டர் அதைக் கேட்டுவிட்டிருந்தான். மணிக் கயிற்றைப் பிடித்த கை அப்படியே நிற்க, என்னைப் பார்த்து, என்ன மாவு, எந்தக் காம்பரா, யார் திறக்கவில்லை என்று அக்கறையாகத்தான் கேட்டான்.

"ஒன்றுமில்லை, அது நாடகம்" என்றேன்.